அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் அமில இலக்கணமும்

இலக்கணம் பயிலும் நாம், ஒரு வரையறை எவ்விடத்துக் குறைபடுகின்றதென நாடிக் காணப் பழகியவர். நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் முதலது குன்றக் கூறல் அன்றோ? உயர்நிலைப் பள்ளியில் மனனஞ் செய்த அமில, கார இலக்கணங்களையும் இவ்வாறே சோதிப்பாம். அதற்கு உரைகல்லாக அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் ஒன்று போதும்.

கிரெட்டேஷியஸ் காலத்துக் கடலடியிற் சிப்பி முதலியன படிந்து இறுகிய இக்கல், பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டாம். இதன்மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விடின் நுரைத்துப் பொங்கும். அமிலந்தோறும் ஆக்ஸிஜன் உண்டென்றார் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர். குளோரின் ஒரு தனிமமே என 1810-இல் டேவி காட்டவே, இவ்வமிலம் ஹைட்ரஜனும் குளோரினும் மட்டுமே சேர்ந்ததென்பது விளங்கி, அக்கொள்கை வீழ்ந்தது.

பின்னர் 1887-இல் ஸ்வீடன் நாட்டு அரீனியஸ் விளக்கிய அயனிக் கொள்கையின்படி, நீரில் ஹைட்ரஜன் அயனியை விடுப்பது அமிலம். ஹைட்ராக்ஸைடு அயனியை விடுப்பது காரம். நன்று. ஆயின், நம் கல்லில் ஹைட்ராக்ஸைடு இல்லை. இருந்தும் அமிலத்தை அடக்குகின்றதே! ஈண்டுக் குன்றக் கூறல் புலனாகின்றது.

அக்குறையை 1923-இல் டென்மார்க்கின் பிரான்ஸ்டெடும் இங்கிலாந்தின் லௌரியும் தனித்தனியே நீக்கினர். புரோட்டானை ஈவது அமிலம், ஏற்பது காரம். கார்பனேட் அயனி இரு புரோட்டான்களை ஏற்றுக் கார்பானிக் அமிலமாகி, நீராகவும் கார்பன் டை ஆக்ஸைடாகவும் பிரிகின்றது. அவ்வாயுவே நாம் கண்ட நுரை. பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்னும் ஊரை அடுத்துக் களிமண்ணூடே கிடைக்கும் ஜிப்சமும் கால்சிய உப்பே. ஆயினும் அமிலம் பட்டால் நுரைப்பதில்லை. அதிலுள்ள சல்பேட் அயனி புரோட்டானை ஏற்குந் திறத்தில் மிக மெலிந்தது. வாயுவாகப் பிரிவதும் இல்லை.

நிற்க. சிமெண்டுச் சூளையில், ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், சுட்ட சுண்ணாம்பு சிலிகாவோடு கூடிக் கால்சியம் சிலிகேட்டாகின்றது. ஆங்கு நீருமில்லை, கைமாறும் புரோட்டானுமில்லை. இதற்கும் இடந்தருவது, அதே 1923-இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் கூறிய இலக்கணம்: எலெக்ட்ரான் இணையை ஈவது காரம், ஏற்பது அமிலம். சுண்ணாம்பின் ஆக்ஸைடு அயனி ஈகின்றது, சிலிகா ஏற்கின்றது.

அரீனியஸ் முதலாக வந்த இம்மூன்று கொள்கைகளையும் ஒன்றையொன்று மறுப்பனவாக எண்ணி மாணவர் பலர் மயங்குவர். அங்ஙனமன்று. ஆய்வுக்கூடத்தில் எரிசோடாக் கரைசல்கொண்டு அமிலத்தின் வலியை அளவிடுவார்க்கு அரீனியஸ் உரையே இன்றும் போதும். பின்வந்தோர் முன்னவர் எல்லையை விரித்தனரேயன்றி அழித்திலர். ஆதலின், விடைத்தாளில் ஓர் இலக்கணத்தை எழுதுமுன், அஃது எவ்வெல்லைவரை செல்லும் என்பதையும் அறிந்து எழுதுவோமாக.