மின்கம்பியும் இன்னிசையும்

1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை எழுந்த பின்னர், சேலம், நாமக்கல் சமவெளியின் வாழ்வில் மின்சாரம் இரண்டறக் கலந்துவிட்டது. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிகள் ஓயாது ஒலிக்கின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வெளிமாநிலங்கள் வரை சென்று பாறையைத் துளைத்துக் கிணறு அமைக்கின்றன. நீர் கண்ட கிணற்றில் ஒரு மோட்டார் இறங்கிவிடுகிறது. தறி, மோட்டார், மாவு மில், குடியிருக்கும் வீடு எல்லாம் ஒரே மின்மாற்றியின் கீழ் அருகருகே வாழ்வது நம் ஊர்களின் இயல்பு. அவ்வீட்டில் அமர்ந்து பாட்டுக் கேட்க விரும்புகிறவருக்கு நேரும் இடர்ப்பாடே இக்கட்டுரையின் பொருள்.

வால்வு ரேடியோக் காலத்தில் இவ்விடர்ப்பாடு ‘கரகர’ என்னும் ஒரே குரலில் பேசியது. இன்று பல வீடுகளில் ரேடியோவின் இடத்திற்கு நெட்வொர்க் பிளேயர் வந்துள்ளது. வைஃபை வழியாகவோ வலைக்கம்பி வழியாகவோ பாடலை எண்களாகப் பெற்று, அவ்வெண்களை மின்னலையாக மாற்றி ஆம்பிளிஃபயருக்கு அனுப்பும் சிறு பெட்டி அது. குறுந்தகட்டின் தரத்தில் ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகள். மாதிரிக்கு 16 பிட். இடம், வலம் என இரு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு 14,11,200 பிட்டுகள் வந்து சேரவேண்டும். 100 மெகாபிட் வேகமுள்ள சாதாரண வலைக்கம்பிக்கு இது நூற்றில் ஒன்றரைப் பங்குச் சுமைகூட அன்று.

இங்கு ஓர் உண்மையை நன்கு மனத்தில் இருத்தவேண்டும். பெட்டிக்குள் எண்களின் பாதி, அலையின் பாதி என இரண்டு பாதிகள் உள்ளன. எண்கள் வருவதைப் பட்டறைக்கு நூல் மூட்டை வருவதற்கு ஒப்பிடலாம். மூட்டை வந்ததும் கணக்குப்பிள்ளை சீட்டையும் எடையையும் ஒத்துப் பார்க்கிறார். ஒத்துவராத மூட்டையைத் தள்ளிவிட்டு வேறு மூட்டை கேட்கிறார். லாரி வழியில் குலுங்கியதால் நெய்த துணியின் சாயம் மங்குவதில்லை. ஆனால் மூட்டை வரத் தாமதமானால் தறி நின்றுவிடும். வலையில் வரும் ஒவ்வொரு எண் பொட்டலத்திற்கும் இத்தகைய சரிபார்ப்பு எண் உண்டு. பழுதான பொட்டலம் தள்ளப்படும். பெரும்பாலும் மறுபடி வரவழைக்கப்படும். எனவே எண்களின் பாதியில் குறை நேர்ந்தால் பாட்டு நிற்கும், விட்டுவிட்டு ஒலிக்கும். ‘உம்ம்’ என்ற ரீங்காரம் அதனால் பிறக்காது. ரீங்காரம் அலையின் பாதியில்தான் பிறக்கிறது. இதை அறியாததால், ரீங்காரத்தைப் போக்க விலையுயர்ந்த வலைக்கம்பி வாங்குவோரும், பாட்டு நிற்பதைத் தடுக்க மின்வடிகட்டி வாங்குவோரும் நம்மிடையே உள்ளனர். விற்பவர்கள் இதைத் திருத்த முன்வருவதில்லை என்பதையும் கூறத்தான் வேண்டும்.

பள்ளிபாளையத்தில் என் தாய்மாமன் வீட்டில் இந்த ஆராய்ச்சியைச் செய்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முன்பக்கம் வீடு, பின்பக்கம் தறிப்பட்டறை. அங்கிருந்த பெட்டியில் மூன்று நோய்களும் ஒருங்கே இருந்தன: ஓயாத ரீங்காரம், அவ்வப்போது ‘சடக்’ என்ற ஒலி, மாலையில் பாட்டு நின்று நின்று வருதல். “எல்லாம் தறிக் கரண்டு பண்ற வேலை மாப்ளே” என்று மாமா தீர்ப்பே கூறிவிட்டார். பழுது பார்க்க வந்த ஒருவரோ, “மூணாவது பின்னை வெட்டி விட்டாப் போதுமுங்கண்ணா, சத்தம் நின்னு போகும்” என்று சொல்லி, கையில் கட்டரையும் எடுத்துவிட்டார். மூன்றாவது பின் என்பது எர்த் கம்பி. அதை வெட்டவேண்டாம் என்று நான் தடுத்தேன். அவர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. வெட்டினால் சத்தம் நிற்கக்கூடும். ஆனால் உள்ளே ஒரு கம்பி நழுவி ஆம்பிளிஃபயரின் இரும்புக் கூட்டைத் தொட்டால், 230 வோல்ட் அக்கூட்டில் காத்திருக்கும். உயிர் காக்கும் கசிவுமின் துண்டிப்பானையே 30 மில்லி ஆம்பியரில் விழும்படி அமைக்கின்றனர் என்றால், மனித உடல் தாங்கக்கூடியது எவ்வளவு சிறிது என்பது விளங்கும். மாமாவின் பேரக்குழந்தை தவழ்ந்து சென்று பிடித்து நிற்பது அந்தப் பெட்டியைத்தான்.

முதலில் பாட்டை நிறுத்திவிட்டு ஒலியளவை மட்டும் உயர்த்தினோம். ரீங்காரமும் ‘சடக்’ ஒலியும் தொடர்ந்தன. ஆகவே அவை பாடலில் இல்லை. பின்னர் பாட்டு ஓடும்போதே பிளேயரின் வலைக்கம்பியைப் பிடுங்கினோம். பெட்டியில் முன்கூட்டியே சேமித்திருந்த எண்களால் பாட்டுச் சில வினாடிகள் தொடர்ந்தது. ரீங்காரமும் மாறாமல் தொடர்ந்தது. வலைமீது சுமத்திய குற்றம் அத்துடன் தள்ளுபடி ஆயிற்று. அடுத்து, மின்சாரத்தை நிறுத்தி, ஆம்பிளிஃபயரில் செருகியிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மீண்டும் இயக்கிப் பார்த்தோம். கேபிள் டிவியின் கம்பியை எடுத்ததும் ரீங்காரம் அடங்கிவிட்டது!

காரணம் இதுதான். கேபிள் கம்பியின் வெளியுறை வேறோர் இடத்தில் நிலத்துடன் இணைந்திருக்கிறது. ஆம்பிளிஃபயர் நம் வீட்டு எர்த் குழியுடன் இணைந்திருக்கிறது. இரு நிலங்களுக்கும் இடையே மின்னழுத்தம் சிறிது வேறுபட்டால், கம்பியின் உறை வழியே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றி வருகிறது. நம் பகுதியோ பாறை நிலம். கரியும் உப்பும் இட்டு அமைத்த எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றாவிட்டால் அதன் மின்தடை ஏறிவிடும், வேறுபாடும் வளரும். இதற்கு மருந்து எர்த்தை வெட்டுவதன்று, சுற்றை வெட்டுவது. கேபிள் கம்பியில் தனிமைப்படுத்தும் சிறு இணைப்பானைப் பொருத்தலாம்; அல்லது செட் டாப் பாக்ஸிலிருந்து ஒளியிழைக் கம்பி வழியாக ஒலியை எடுக்கலாம். ஒளியில் மின்னோட்டம் செல்லாது. நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். குழிக்கும் தண்ணீர் ஊற்றினோம். ரீங்காரம் ஆழ்ந்த 50 ஹெர்ட்ஸாக இல்லாமல், ‘ர்ர்ர்’ என்று சற்றுக் கூர்மையாக 100 ஹெர்ட்ஸில் ஒலித்தால், ஆம்பிளிஃபயரினுள் முதிர்ந்துபோன மின்தேக்கியைச் சந்தேகிக்கவேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

இனி ‘சடக்’ ஒலி. தறி மோட்டார் பெரும்பாலும் தூண்டல் மோட்டார். அதில் கரித்துண்டு இல்லை, ஆகவே ஓடும்போது தீப்பொறியும் இல்லை. அதை இயக்கும்போதும் நிறுத்தும்போதும் சுவிட்சின் முனைகளில்தான் பொறி பறக்கிறது. ஆகவே தறி தரும் இரைச்சல் ஒரே ஒரு ‘சடக்’. மாறாக, சமையலறை மிக்ஸியில் கரித்துண்டு உண்டு. அது ஓடும் நேரமெல்லாம் பொறி சிந்தி இரையும். பட்டறை முழுவதையும் பழித்த மாமா, சட்னி அரைக்கும்போது எழும் இரைச்சலைக் கேட்டுச் சற்று மௌனமானார். பிளேயருக்கும் ஆம்பிளிஃபயருக்கும் இடையே மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருந்த நீண்ட ஒலிக்கம்பியை நீக்கி, குட்டையான உறைக்கம்பியைத் தனியே கொண்டு சென்றோம். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே ஸ்விட்ச் போர்டிலிருந்து மின்சாரம் கொடுத்தோம். பட்டறையின் சுவிட்ச் முனைகளுக்குப் பொறியடக்கும் மின்தேக்கி இணைப்பை எலக்ட்ரீஷியனைக் கொண்டு போடச் செய்தோம். ‘சடக்’ முற்றும் ஒழியவில்லை. காதை உறுத்தாத அளவிற்குக் குறைந்தது.

மாலையில் பாட்டு நின்றதற்குத் தறி காரணமே அன்று. ரௌட்டர் மாடியில் இருந்தது. அங்கிருந்து கீழே எண்களைக் கொண்டுவர, வீட்டு மின்கம்பியையே வலைக்கம்பியாகப் பயன்படுத்தும் ஒரு சோடி அடாப்டர்களை வைத்திருந்தனர். மின்கம்பியில் பல மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுடைய அலைகளை ஏற்றி அனுப்பும் கருவி அது. மும்முனை இணைப்புள்ள அவ்வீட்டில் மாடி ஒரு ஃபேஸிலும் கூடம் வேறொரு ஃபேஸிலும் இருந்தன. அலை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தாவும்போதே மெலிந்துவிடுகிறது. போதாக்குறைக்குக் கீழே உள்ளதை, மின்வடிகட்டி கொண்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருந்தனர். இரைச்சலை வடிக்கும் வடிகட்டி எண்களையும் சேர்த்து வடித்துக்கொண்டிருந்தது! அதைச் சுவர் சாக்கெட்டுக்கு மாற்றியதும் பகலில் குறை நீங்கியது. மாலையில் மட்டும் நீடித்தது.

மாலையில் புதிதாக எது எரிகிறது? விளக்குகள். பாட்டரியில் ஓடும் சிறு டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றை, மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்தி, கையில் ஏந்தி அறை அறையாக நடந்தேன். இதைவிட மலிவான ஆய்வுக்கருவி எந்தச் சோதனைக்கூடத்திலும் இல்லை. மாடிப்படிக்கு அடியில் இருந்த எல்.இ.டி. பல்பின் அருகே ரேடியோ அலறியது. இத்தகைய பல்பினுள் மின்சாரத்தை வினாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி ஒட்டும் சிறு சுற்று உண்டு. வடிகட்டி இல்லாமல் மலிவாகச் செய்தால் அதன் இரைச்சல் மின்கம்பியில் ஏறி அடாப்டர்களின் அலைவரிசை வரை பரவும். பல்பை அணைத்தோம், பாட்டு ஓடியது; ஏற்றினோம், நின்றது. நான்கு முறை செய்து பார்த்து உறுதி செய்தபின் பல்பை மாற்றினோம்.

மின்தடையின்போது மட்டும் பாட்டு நின்று, ஓரிரு நிமிடம் கழித்து வருவதாக மாமி கூறினார். இன்வெர்ட்டருக்கு மாறும் இமைப்பொழுதில் ரௌட்டர் அணைந்து மீண்டும் விழித்தெழ எடுத்துக்கொள்ளும் நேரமே அது. ரௌட்டருக்கென்று சிறு பாட்டரிப் பெட்டி ஒன்று வைத்தால் தீரும். அவ்வேளையில் கேட்கும் வேறொரு ரீங்காரத்திற்குக் காரணம், அந்த இன்வெர்ட்டர் சதுர அலை தருவது. 150, 250, 350 ஹெர்ட்ஸ் என ஒற்றைப்படை மடங்குகள் அதில் நிறைந்திருக்கும். சைன் அலை இன்வெர்ட்டர் விலை அதிகம் என்பதால், மின்தடை நேரத்தில் பாட்டை நிறுத்திவிடலாம் என்று மாமா முடிவு செய்துள்ளார்.