முதல் மழையின் மணத்துக்கு ஒரு சொல்

கேள்வி: ஆங்கிலம் ஓரளவு எழுதுவேன். ஆனால் எதைச் சொன்னாலும் ‘நைஸ்’, ‘குட்’ என்றே வருகிறது. அபூர்வமான சொற்களை எப்படிச் சேர்ப்பது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள்; சொல்லின் பிறப்பைத் தேடுங்கள். வறண்ட நிலத்தில் மழை விழுந்ததும் எழும் மண்வாசனைக்கு ஆங்கிலத்தில் ‘பெட்ரிகோர்’ என்று பெயர். 1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இஸபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் சூட்டியது. கிரேக்கத்தில் ‘பெட்ரா’ என்றால் பாறை. ‘ஐகோர்’ என்பது தேவர்களின் உடலில் ஓடும் குருதி. பாறையின் குருதி! தேடாமலே கைக்கு வரும் நல்லதைக் குறிக்கும் ‘செரண்டிபிட்டி’யோ, இலங்கையின் பழம்பெயரான ‘செரண்டிப்’பிலிருந்து 1754-இல் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் உருவாக்கியது. இப்படிக் கதையோடு வந்த சொல் மறக்காது. வாரம் ஒன்று போதும். அதை வைத்து உங்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அப்போதுதான் அது உங்கள் சொல்.