நம்ம பலம் எது? நம்ம வேலை எது?



பைராம் தோட்டத்தில் நம் தாத்தா பாட்டி காலத்தில், "எனக்கு எந்த வேலை பொருந்தும்?" என்று யோசிக்க இடமே இல்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போகணும், பெயர் கூப்பிட்டதும் கங்காணி காட்டிய நிரைக்குப் போகணும். அவ்வளவுதான். இன்றைக்கு எஸ்பிஎம் முடித்த தம்பி தங்கைகளுக்கு முன்னால் பாலிடெக்னிக், பல்கலைக்கழகம், பத்து காவான் தொழிற்சாலைகள் என்று பல வழி. ஆனாலும் கூட்டாளி போற இடத்துக்கே நாமும் போயிடறோம். என்னோடு பொறியியல் படிக்கிறவர்களிடம் "ஏன் இந்தத் துறை?" என்று கேட்டால், "ரிசல்ட் நல்லா இருந்துச்சு, அதான்" என்பவர்கள் உண்டு.

திருக்குறளின் 48ஆம் அதிகாரம் வலியறிதல். போருக்குப் போகிற அரசனுக்குச் சொன்னது. செயலின் கடினம், தன் பலம், எதிரியின் பலம், துணைக்கு வருபவரின் பலம் ஆகிய நான்கையும் எடைபோட்டு இறங்கச் சொல்கிறது. வேலை தேடும் நமக்கும் இதே தராசு போதும். கணித மேதை ராமானுஜனின் வாழ்க்கையை வைத்துப் பார்ப்போம்.

1. தன் பலம்

ராமானுஜன் 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1904இல் உதவித்தொகையோடு அங்குள்ள அரசு கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் போகவில்லை. உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போய்ப் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. ரிசல்ட்டை மட்டும் பார்த்தால் அவர் ஒன்றுக்கும் ஆகாதவர். ஆனால் மார்க் இல்லாமல், சம்பளம் இல்லாமல், அவருடைய நோட்டுப் புத்தகங்கள் மட்டும் நிறைந்துகொண்டே இருந்தன.

யாரும் சொல்லாமலே நாம திரும்பத் திரும்பப் போய்ச் செய்யற வேலை எது? அதில் கை தேறிக்கிட்டு வருதா? ரெண்டுக்கும் ஆமா என்றால், அது பலம். விருப்பம் மட்டும் இருந்தால் அது பொழுதுபோக்கு. இன்னொரு அடையாளம்: மற்றவர்கள் எதுக்கு நம்மளைத் தேடி வராங்க? கோயில் திருவிழாவில் மைக் செட் பழுதானால் ஒரே பையனைத்தான் கூப்பிடுவாங்க. கணக்குப் புரியாத பிள்ளைகள் ஒரே அக்காவிடம்தான் போவாங்க. அவர்களுக்கே தெரியாத பலம் ஊருக்குத் தெரிந்திருக்கும்.

2. வேலையின் கடினம்

வேலையின் பெயரைப் பார்க்காதீங்க, அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பாருங்க. பொறியியல் என்றால் எந்நேரமும் இயந்திரம் இல்லை. அளந்ததையே மறுபடி அளப்பது, அறிக்கை எழுதுவது, நாலு பேரிடம் விளக்குவது எல்லாம் சேர்ந்ததுதான். அந்த வேலையில் இருக்கிற ஓர் அண்ணனிடம், "காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்யறீங்க?" என்று கேளுங்க.

3. எதிரே நிற்பது

ராமானுஜனுக்கு எதிரே நின்றது வறுமை. 1909இல் கல்யாணமும் ஆகிவிட்டது, கையில் பட்டம் இல்லை. 1912 மார்ச் 1ஆம் தேதி சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய். அவர் அறிவுக்கு ஏற்ற வேலையா? இல்லை. ஆனால் வீட்டில் அடுப்பு எரிந்தது, கணக்குப் போட நேரமும் கிடைத்தது.

இதில் நமக்கு இரண்டு பாடம். குடும்பத்துக்காக இன்று ஷிப்ட் வேலைக்குப் போனால் அது தோல்வி இல்லை. பலத்தை வளர்க்க வாரத்தில் சில மணி நேரம் மிச்சம் இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க. அடுத்து, பலவீனம் கதவை அடைத்தால் அதைத் தாண்டும் அளவுக்காவது தேறியே ஆகணும். மற்றப் பாடங்களை விட்டதற்கு ராமானுஜன் பல வருடங்களைக் கொடுத்தார்.

4. துணையின் பலம்

நாம் மறந்துவிடுவது இதைத்தான். ராமானுஜன் நோட்டைப் பூட்டி வைக்கவில்லை. இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய ராமசாமி ஐயரிடம் 1910இல் கொண்டுபோய்க் காட்டினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் பண உதவி செய்தார். துறைமுக அலுவலகத்தில் நாராயண ஐயர் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1913 ஜனவரி 16ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே வருடம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. 1914இல் கேம்பிரிட்ஜ், 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர்.

நாம எல்லாரும் ராமானுஜன் ஆக முடியாது. ஆனா ஆளுக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளலாம். பழுது பார்த்த மோட்டாரின் படம், எழுதிய நிரல், தைத்த உடை, திருவிழா வரவு செலவுக் கணக்கு எதுவும் இருக்கலாம். அந்தத் தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டி, "இதில் நான் தேறுவேனா?" என்று கேளுங்க. அப்பா அம்மாவிடம் வாதாடுவதைவிட அந்த நோட்டைக் காட்டுவது பலன் தரும்.

சுயதர்மம்

அவரவர் தர்மத்தைச் செய்வதே மேல் என்று கீதை சொல்வதை, அப்பன் தொழிலைப் பிள்ளை செய்யணும் என்று சிலர் சுருக்கிவிடுகிறார்கள். ஆனால் 4ஆம் அத்தியாயம் குணத்தையும் செயலையும்தான் பேசுகிறது. மரம் வெட்டியவரின் பேத்தி விஞ்ஞானி ஆகலாம். பட்டதாரியின் மகன் நல்ல வெல்டர் ஆகலாம். தன் குணத்துக்கு ஏற்ற வேலையை, பிறருக்குப் பயன்படும்படி, மனசாரச் செய்கிற இருவருமே சுயதர்மத்தில்தான் நிற்கிறார்கள்.

கலந்துரையாட:

1. கடந்த மூன்று மாதத்தில் மற்றவர்கள் எந்த உதவிக்காக உங்களைத் தேடி வந்தார்கள்?
2. நீங்கள் விரும்பும் வேலையில் உங்களுக்குப் பிடிக்காத பகுதி எது? அதைத் தினமும் செய்ய முடியுமா?
3. உங்கள் நோட்டை முதலில் யாரிடம் காட்டப் போகிறீர்கள்? பெயரை எழுதுங்கள். அடுத்த வகுப்புக்குள் அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.