சுவர் எழுப்பும் முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.50 லட்சம் என்று அரசு நிர்ணயித்தது. அதற்கு மேல் ஆகும் செலவுக்குத்தான் நம்மில் பலர் குழுவில் கடன் கேட்கிறோம். கடனை அடைப்பது நாம். ஆனால் என்ன கல், என்ன கலவை என்பதை மேஸ்திரியும் வீட்டு ஆண்களுமே முடிவு செய்கிறார்கள். இனி நாமும் பார்த்து, கேட்டு முடிவு செய்வோம்.

நம் விக்கிரமங்கலத்திற்குப் பக்கத்தில், கங்கைகொண்டசோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் 2021இல் தொல்லியல் துறை தோண்டியபோது சோழர் அரண்மனையின் செங்கல் சுவர்கள் வெளிப்பட்டன. நல்ல கல் எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

கல்லைச் சோதிப்பது எப்படி?

இரண்டு செங்கலைத் தட்டினால் ணங்கென்று சத்தம் வரணும். நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடையக்கூடாது. காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, மறுபடி எடை பாருங்கள். 3 கிலோ கல் 3 கிலோ 600 கிராமுக்கு மேல் போனால் அந்த லோடு வேண்டாம்.

10 அடிக்கு 10 அடி சுவரை 9 அங்குலத்தில் கட்ட ஆயிரம் கல்லுக்கு மேல் ஆகும். உள்தடுப்புக்கு நாலரை அங்குலம் போதும். பாதிக் கல் மிச்சம். ஃபிளை ஆஷ் கல் ஒரே அளவாக இருப்பதால் பூச்சு மெல்லிசாகப் போதும். செங்கலைக் கட்டும் முன் நன்றாக நனைக்கணும். ஹாலோ பிளாக்கை ஊற வைக்கக்கூடாது; லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும்.

கலவையும் தண்ணீரும்

9 அங்குலச் சுவருக்கு ஒரு சட்டி சிமெண்டுக்கு ஆறு சட்டி மணல். நாலரை அங்குலத்துக்கு நாலு சட்டி. தண்ணீர் ஊற்றிய கலவையை அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கட்டிய சுவருக்குப் பத்து நாளாவது காலையும் மாலையும் தண்ணீர் விடணும். இந்த வேலைக்குக் காசு செலவில்லை. ஆனால் இதை விட்டால் சுவர் பொரிந்துபோகும்.

கடைக்காலுக்கு மேல், சுவர் தொடங்கும் இடத்தில் ஈரம் ஏறாத கான்கிரீட் பட்டை போட்டார்களா என்று நின்று பாருங்கள். போடாவிட்டால் உப்புப் பூத்து பூச்சு உதிரும். பிறகு எந்தப் பெயிண்டும் அதை மறைக்காது. நம் பக்கத்துக் கரிசல் மண்ணில் அஸ்திவாரம் சரியில்லை என்றால் எந்தக் கல்லும் விரிசல் விடும்.

பூச்சும் வண்ணமும்

காசு பற்றவில்லையா? மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரை முதலில் பூசுங்கள். ஈரம் காயும் முன் பட்டி, பெயிண்ட் அடித்தால் கொப்புளம் விட்டு உரியும். முதல் வருஷம் சுண்ணாம்பு அடியுங்கள்; செலவு குறைவு, சுவரும் மூச்சு விடும். கையில் பணம் சேர்ந்ததும் அதைச் சுரண்டிவிட்டுப் பெயிண்ட் அடிக்கலாம். பெயிண்டுக்காகத் தனியாகக் கடன் வேண்டாம்!

குழுக் கூட்டத்தில் பேசுவோம்:

1. வீட்டுக்கடன் தரும் முன் கல், கலவை பற்றி உறுப்பினரிடம் நாம் கேட்கிறோமா?

2. கட்டும் வீட்டைக் குழுவாகச் சென்று பார்க்க யார் யார் வருவோம்?