காலையில் வீங்கும் கண்கள்



கூமாப்பட்டியிலிருந்து நான்கு வயதுப் பேரனைப் பாட்டி ஒருவர் நம் மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார். "முகத்துல சதை போட்டிருக்குன்னு சந்தோஷப்பட்டோம், டாக்டரம்மா" என்றார். காலையில் இமைகள் வீங்குகின்றன, சாயங்காலம் வற்றிவிடுகின்றன என்றதும் எங்களுக்குச் சந்தேகம் எழுந்தது. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, மேல்பகுதியை ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கினோம். அவித்த முட்டையின் வெள்ளைக்கருபோல் திரண்டது. சில சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டும் கரையவில்லை. இரத்தத்தில் தங்கவேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது என்பதே இதன் பொருள்.

இது நெப்ராட்டிக் சிண்ட்ரோம். பெரும்பாலும் இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் வருகிறது. 'கிட்னி' என்றதும் டயாலிசிஸ் என்று வீட்டார் கலங்குகிறார்கள். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் பிரெட்னிசோலோன் மாத்திரைக்கே குணமடைகிறார்கள். வழக்கமாக 6 வாரம் தினமும், அடுத்த 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கிறோம். வீக்கம் இருக்கும்வரை கருவாடும் ஊறுகாயும் கூடாது. (பாட்டிக்கு மாத்திரையைவிட இதுவே கஷ்டமாயிருந்தது!)

வீக்கம் வற்றியதும் மாத்திரையை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். நோய் திரும்பியது, காய்ச்சலோடும் வயிற்றுவலியோடும் வந்தான். இந்நோயில் வயிற்றுக்குள் கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து. தேவகிருபையால் தாமதிக்காமல் கொண்டுவந்தார்கள். இப்போது தாயாரே தினமும் காலையில் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்து நோட்டில் எழுதுகிறார்.

வீக்கமெல்லாம் இதே நோயல்ல. சொறி சிரங்கு வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து முகம் வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், அது சிறுநீரக அழற்சி. அநேகர் முழுச்சுகம் பெறுகிறார்கள். ஆனால் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரலாம். பெரியவர்களுக்கான பட்டையைச் சிறுகையில் சுற்றினால் அழுத்தம் குறைவாகக் காட்டும், ஆபத்து தெரியாமலே போகும். உங்கள் காணிக்கையால் பிள்ளைகளுக்கேற்ற சிறு பட்டைகள் வாங்கினோம்.

கைக்குழந்தைக்குக் காரணமில்லாமல் காய்ச்சல் நீடித்தால் சிறுநீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு வேறு அறிகுறி தெரியாமலிருக்கலாம்.

கூமாப்பட்டிச் சிறுவனுக்கு இன்னும் ஐந்து வார மாத்திரை பாக்கியிருக்கிறது. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.