ஊரணிக் கரையில் விளக்கு: உயிருக்கு ஆபத்து இல்லாமல் போடுவது எப்படி?



தை மாதம் மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா. மைய மண்டபம் விளக்கு வெளிச்சத்தில் ஜொலிப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு வந்தால் நம்ம ஊர் ஊரணிக்கும் விளக்கு போட ஆசை வரும். ஆசையில் தப்பில்லை. இருட்டில் தண்ணீருக்குப் போகும் பெண்களுக்கு வெளிச்சம் தேவையும்கூட. ஆனால் தண்ணீர் பக்கத்தில் கரண்டைக் கொண்டுபோவதற்கு என்று ஒரு முறை இருக்கிறது. இந்த மாதப் பாடம் அதுதான்.

ஒரு ஊரில் நடந்தது

மேலூர் பக்கம் ஒரு ஊரில் பொங்கல் விழா. படித்துறையைச் சுற்றி சீரியல் செட் கட்டியிருந்தார்கள். முளைப்பாரி கரைத்துவிட்டு ஏறிய ஒரு அக்கா, ஈரக் கையோடு கம்பி வேலியைப் பிடித்தார். "சுள்ளுனு இழுத்துருச்சு" என்று கத்தி, கையை உதறினார். பக்கத்தில் நின்ற பையன் ஓடிப்போய் மெயினை அணைத்தான். பார்த்தால், ஒயரில் ஒட்டுப் போட்ட இடத்தில் டேப் பிரிந்து வேலியில் உரசிக்கொண்டிருந்தது.

"சின்ன பல்புதானே, இதுல என்ன கரண்டு இருக்கப் போகுது?" என்று எல்லோரும் கேட்டார்கள். அன்று வரை நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆனால் சீரியல் செட்டும், குழாய் மாதிரி சுருட்டி வரும் ரோப் லைட்டும் பெரும்பாலும் நேராக 230 வோல்ட்டில் எரிபவை. பல்பு சின்னது, ஒயருக்குள் ஓடுவது வீட்டுக் கரண்டேதான்.

பியூஸ் நம்மைக் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஈரமான உடம்பின் தடையை 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் பட்டால் 230 மில்லி ஆம்பியர் உடம்பில் பாயும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே உயிருக்கு ஆபத்து. ஆனால் 5 ஆம்பியர் பியூஸ் என்பது 5,000 மில்லி ஆம்பியர். ஆள் போன பிறகும் பியூஸ் போகாது. பியூஸ் ஒயரைக் காப்பாற்ற வைத்தது.

அதே உடம்பில் 12 வோல்ட் பட்டால் பாய்வது 12 மில்லி ஆம்பியர்தான். அதனால்தான் ஓட்டல் நீச்சல் குளங்களில் தண்ணீருக்குள் எரியும் விளக்குகளுக்கு 12 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்று உலக மின் விதி சொல்கிறது. நம்ம ஊரணிக்கும் அதே பாதுகாப்புதான் வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரைத் தண்ணீரிலிருந்து குறைந்தது 12 அடி தள்ளி, மழை படாத பெட்டியில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஊரணி நிரம்பினால் தண்ணீர் எதுவரை வருமோ, அங்கிருந்து அளக்க வேண்டும். கோடையில் வற்றிக் கிடக்கும்போது அளந்தால் ஏமாந்துவிடுவோம்.

2. உள்ளே வரும் கரண்டுக்கும் வெளியே போகும் கரண்டுக்கும் தனித்தனிச் சுருள் உள்ள 'ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர்' என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள். இல்லையென்றால் 230 வோல்ட் அப்படியே விளக்கு வரைக்கும் வந்துவிடலாம்.

3. மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் போடச் சொல்லுங்கள். கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கொடுப்பார்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.

4. 5 வாட் எல்.இ.டி. விளக்கு ஆறு போட்டால் 30 வாட். 12 வோல்ட்டில் இதற்கு இரண்டரை ஆம்பியர் ஓடும். மெல்லிய ஒயர் போட்டால் கடைசி விளக்கு மங்கிவிடும். 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரைக் குழாய்க்குள் விட்டுப் பதியுங்கள். விளக்கு ஐ.பி. 65 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும்.

5. உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டுதான் வேலை நடக்க வேண்டும். ஊராட்சி அனுமதியும் தேவை. மின்கம்பியில் கொக்கி போடுவது உயிருக்கும் ஆபத்து, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி திருட்டும்கூட. விழாவுக்கு மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கலாம்.

செலவுக்கு வழி இருந்தால் சோலார் விளக்கு இன்னும் நல்லது. 230 வோல்ட் கம்பியே படித்துறைப் பக்கம் வராது.

12 வோல்ட்தானே என்று அசட்டையும் வேண்டாம். ஒட்டுப் போட்ட ஒயர் தண்ணீரில் கிடக்கக் கூடாது.

யாருக்காவது ஷாக் அடித்தால்

பதறித் தண்ணீருக்குள் இறங்காதீர்கள், ஆளைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு தூக்கி, 108க்கு போன் செய்யுங்கள். கம்பி அறுந்து கிடந்தால் மின்னகம் 94987 94987 எண்ணில் சொல்லலாம். விழா நாளில் மெயின் எங்கே இருக்கிறது என்று குழுவில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

• நம்ம ஊரில் தண்ணீர் பக்கத்தில் கரண்ட் ஒயர் எங்கெங்கே போகிறது?
• விழாவுக்கு விளக்கு கட்டுவது யார்? அவருக்கு உரிமம் இருக்கிறதா?
• இந்த வருஷம் வரி கொடுக்கும்போது நாம் என்ன கேட்கப் போகிறோம்?

வரி கொடுப்பது நாம். முளைப்பாரி சுமந்து தண்ணீரில் இறங்குவதும் நாம்தான். ஆகவே, "படித்துறையில் 230 வோல்ட் சீரியல் செட் கட்டக் கூடாது" என்று தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஊர்ப் பெரியவர்களிடமும் ஊராட்சித் தலைவரிடமும் கொடுங்கள். கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.