ரிமோட் என்ன பேசுது?



நம்ம மலையில் இப்போது புளூடூத் பாட்டுப் பெட்டி, ஹோம் தியேட்டர் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் பல பெட்டிகளில் பாதி வேலைக்கு ரிமோட் வேண்டும். அது கெட்டுப்போனால் துறையூருக்கு இறங்கணும். பஸ் செலவும் போச்சு, ஒருநாள் கூலியும் போச்சு. "இந்த மாடலுக்கு ரிமோட் வராதும்மா" என்று கடையில் சொல்லிவிட்டால், நல்ல பெட்டியும் பரணில் ஏறிவிடும். எனவே ரிமோட்டின் பாஷையைக் கற்றுக்கொள்வோம்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

1800-ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷெல் என்ற விஞ்ஞானி சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்தார். சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேதான் சூடு அதிகமாக ஏறியது! அதுதான் அகச்சிவப்புக் கதிர். ரிமோட் முனையில் உள்ள சின்ன எல்.இ.டி. இந்தக் கதிரைத்தான் விடுகிறது. அதன் அலைநீளம் பெரும்பாலும் 940 நானோமீட்டர்.

பெட்டிக்கு எப்படித் தெரியும்?

வெயில், அடுப்பு, நம் உடம்பு எல்லாமே அகச்சிவப்பை விடுகின்றன. அதில் ரிமோட்டை மட்டும் எப்படிப் பிரிப்பது? திருவிழாச் சத்தத்திலும் தப்பட்டை அடி தனியாகக் கேட்கும் அல்லவா? அதுபோல ரிமோட் ஒரு நொடிக்கு 38,000 முறை மினுக்குகிறது. பெட்டிக்குள் உள்ள மூன்று கால் ரிசீவர் அந்தத் தாளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். திருச்சி வானொலிக்கு 936 கிலோஹெர்ட்ஸ் போல, ரிமோட்டுக்கு 38 கிலோஹெர்ட்ஸ்.

செய்தி எழுதும் முறை

பல ரிமோட்டுகள் என்.இ.சி. என்ற ஜப்பான் கம்பெனியின் முறையில் பேசுகின்றன.

1. முதலில் 9 மில்லிநொடி ஒளி, பிறகு 4.5 மில்லிநொடி இருட்டு. "பேசப்போறேன், கவனி" என்று அர்த்தம்.
2. அடுத்து 32 பிட்டுகள். ஒவ்வொன்றிலும் 0.56 மில்லிநொடி ஒளி வரும். அதன்பின் வரும் இருட்டு 0.56 மில்லிநொடி என்றால் 0, 1.69 மில்லிநொடி என்றால் 1. இருட்டின் நீளத்தில்தான் செய்தி இருக்கிறது!
3. 32 பிட்டும் எட்டெட்டாக நான்கு பங்கு: எந்தக் கருவி, அதன் தலைகீழ், எந்தப் பொத்தான், அதன் தலைகீழ். தலைகீழ் பொருந்தாவிட்டால் பெட்டி கண்டுகொள்ளாது. தப்பு நடக்காமலிருக்க இந்த ஏற்பாடு.

நாம் படிப்பது எப்படி?

பழைய டிவியிலிருந்து கழற்றிய ரிசீவருக்கு 5 வோல்ட் கொடுத்து, அதன் வெளியீட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக லேப்டாப் மைக் துளையில் கொடுக்க வேண்டும். (ரெசிஸ்டர் இல்லாமல் கொடுக்கக் கூடாது. ஆசிரியர் பக்கத்தில் இருக்கணும்.) ஆடாசிட்டி மென்பொருளில் பதிவு செய்து பெரிதாக்கிப் பார்த்தால் மேடும் பள்ளமும் தெரியும். லேப்டாப் நொடிக்கு 44,100 புள்ளி எடுக்கும். எனவே குட்டை இடைவெளி சுமார் 25 புள்ளி, நெட்டை இடைவெளி சுமார் 74 புள்ளி. கண்ணாலேயே பிரிக்கலாம்.

உதாரணம்: பொத்தான் பங்கு 10100000, அடுத்த பங்கு 01011111. தலைகீழ் சரி. இதில் சின்ன மதிப்புதான் முதலில் வரும். எனவே திருப்பி எழுதினால் 00000101. அதாவது 4 + 1 = 5.

இப்படி எல்லாப் பொத்தானுக்கும் எண்ணைக் குறித்து வைத்தால், ரிமோட் உடைந்தாலும் அகச்சிவப்பு வசதியுள்ள செல்போன் மூலம் அதே எண்ணை அனுப்பலாம். பெட்டி பரணுக்குப் போகாது.

உங்களுக்குத் தெரியுமா?

வயரில்லாத அகச்சிவப்பு ஹெட்போனில் 0, 1 கிடையாது. பாட்டே அலையில் ஏறி வருகிறது. பல ஹெட்போன்களில் ஒரு காதுக்கு நொடிக்கு 23 லட்சம், இன்னொரு காதுக்கு 28 லட்சம் அதிர்வு. இதை லேப்டாப் மைக்கால் படிக்க முடியாது.

செய்து பாருங்கள்

ரிமோட்டை செல்போனின் முன் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அமுக்குங்கள். ஊதா வெளிச்சம் தெரிந்தால் எல்.இ.டி. வேலை செய்கிறது, கோளாறு பெட்டியில் இருக்கலாம். தெரியாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். துறையூர் பஸ் ஏறும் முன் இந்த ஒரு நிமிட வேலை!

கண்டுபிடியுங்கள்

00110000 – 11001111. இது எத்தனையாவது எண் பொத்தான்? விடையை எழுதி இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி